காரணம்னு ஒரு கட்டம்

சன்னலோரம் நீங்களே உக்காருங்க, எனக்கு வெயில் ஆகாது. பையை எதுக்கு மடியில வெச்சுக்கிட்டுச் செரமப்படறீங்க, கீழ வைங்க, என்ற கால்பக்கம் எடம் இருக்குது. கோபி போறீங்களா? நானும் கோபிதானுங்க. அப்பச் சரி, ஒண்ணரை மணி நேரம். இந்த டிரைவரைப் பாத்தா ரெண்டாவும் ஆகலாம்.

இதைத்தான பாக்கறீங்க அப்ப இருந்து? கழுத்துல பச்சை நாடா. ஐடி கார்டுங்க. கம்பெனிக்குப் போற பொம்பளைன்னு நெனைச்சிருப்பீங்க. அதெல்லாம் முடிஞ்சு போச்சு. இருவத்திரண்டு வருசம் திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங்ல இருந்தேன். தைச்சு வர்ற பீஸை வெளிச்சத்துல விரிச்சுப் பாக்கோணும். ஓட்டை, கறை, தையல் விட்டது, பட்டன் கோணலு, எது இருந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டி அக்கட்டால போட்டுரோணும். என்ற கண்ணுக்கு ஒண்ணு தப்பாதுங்க. சூப்பர்வைசரே சொல்லுவாரு, வசந்தாமணி பாத்த பீஸை மறுக்காப் பாக்க வேண்டியதில்லைன்னு. சரி, அந்தப் பெருமை இப்ப எதுக்கு.

கார்டைப் படிச்சுப் பாருங்க. 'வசந்தாமணி, தோட்டத் துணைவர்'. சிரிக்காதீங்க. எங்க ஊட்டுக்காரரும் இதைப் பாத்துட்டுத்தான் சிரிச்சாரு. முப்பத்தொரு வருசமா எனக்கே நீ சரியான துணைவியா இல்லை, ஊர்த் தோட்டத்துக்கெல்லாம் துணைவராக்குமாங்கறாரு.

அது என்னன்னாங்க, ஊட்டுல செடி வெக்கறவங்க இருக்கறாங்கல்ல, மாடியில பையில, கொல்லையில, வாசல்ல தொட்டியில. செடி ஒண்ணு வாடிப் போச்சுன்னா யாரைக் கேக்கறதுன்னு தெரியாம முழிப்பாங்க. எங்க தோட்டக்கலை மையத்துக்கு ஒரு போன் போட்டாப் போதும், எங்களை அனுப்பி வெப்பாங்க. நாங்க போயிப் பாத்து, இன்னதுன்னு சொல்லிட்டு வருவோம். காசு கெடையாது. வாங்கவும் கூடாது, குடுத்தா ஒரு டம்ளர் மோர் குடிச்சுக்கலாம். இதுக்குப் பன்னெண்டு சனிக்கிழமை பாடம் எடுக்கறாங்க. அது முடிஞ்சு பத்து ஊட்டுக்குப் போயிட்டு வந்து பத்துப் படிவம் குடுத்தாத்தான் சர்டிபிகேட்டு.

நான் இதுல எதுக்குச் சேர்ந்தேன்னு கேட்டா, வேலையை உட்டு நின்னதுல இருந்து ஊட்டுல இருக்கற எல்லாத்தையும் செக் பண்றேனாம். எங்க ஊட்டுக்காரர் சவரம் பண்ணிட்டு வந்தா எடது தாடையில விட்டுப் போச்சுன்னு சொல்றேனாம். அவருதான் நோட்டீசைக் கொண்டாந்து குடுத்து, சனிக்கிழமையாச்சும் நான் நிம்மதியா இருக்கறேன்னு சொல்லி அனுப்பிச்சு வெச்சாரு. ஆனா உள்ள காரணம் அது இல்லைங்க. உள்ள காரணம் கமலவேணி.

கமலவேணி யாருன்னா, எங்க பக்கத்து ஊடு. நடுவுல ஒரே காம்பவுண்டுச் சுவரு. எனக்கு ரெண்டு வயசு சின்னவ. இருவத்திமூணு வருசமா அக்கா அக்கான்னு கூப்பிட்டவ. அவ பொண்ணு பிரதீபா எங்கூட்டு மேசையில உக்காந்துதான் வீட்டுப்பாடம் எழுதுச்சு. என்னைப் பெரியம்மான்னு கூப்பிடும். எனக்கு ஒரே பையன், அவனுக்குச் சடையா பின்ன முடியும்? அந்தப் புள்ளைக்குத்தான் பின்னி விட்டேன். பத்தாவது படிக்கற வரைக்கும் அதுக்கு நெத்திப் பக்கம் வகிடு கோணாம எடுக்கறது நான் ஒருத்திதான்.

ஆனா ரெண்டு வருசமாப் பேச்சு இல்லை. எதனாலன்னு கேட்டா நீங்களே சிரிப்பீங்க. பிரதீபாவை ஒரு எடத்துல இருந்து வந்து பாத்துட்டுப் போனாங்க. புடிச்சிருந்துச்சு போல. வழக்கந்தான, அக்கம்பக்கத்துல விசாரிச்சுட்டு வரச் சொல்லி ஒரு பெரியவரையும் ஒரு அம்மாவையும் அனுப்பிச்சாங்க. எங்கூட்டுக்கு வந்தாங்க. காப்பி குடுத்தேன். பொண்ணு எப்படீங்கன்னு கேட்டாங்க. தங்கமான பொண்ணுன்னேன். அதோட வாயை மூடியிருக்கலாம்னு எங்க ஊட்டுக்காரர் இன்னைக்கும் சொல்றாரு. நான் என்னங்க பண்றது, பீஸைக் கையில குடுத்தா முன்னாடியும் பாக்கோணும், பின்னாடியும் பாக்கோணும். கொஞ்சம் வெடுக்குனு பேசும், காலையில எட்டரைக்கு முன்னாடி எந்திரிக்காது, சமையல்ல ரசம் மட்டும் வெக்கத் தெரியும்னு சொன்னேன். உள்ளதைத்தானுங்க சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டலை. அந்த எடம் தட்டிப் போச்சு. அது நான் சொன்னதுனாலயா, ஜாதகத்துனாலயான்னு யாருக்குத் தெரியும். கமலவேணி எங்கூட்டு வாசல்ல வந்து நின்னு, 'அக்கா, நீ நல்லா இருப்பே'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா. அதுக்கப்பறம் பேசலை. ஆம்பளைங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டுத்தான் இருக்கறாங்க, ஒரே வண்டியில மார்க்கெட்டுக்குக் கூடப் போறாங்க. அவங்களுக்கெல்லாம் ரோசமே கெடையாதுங்க.

இந்தக் கமலவேணிக்குக் கொல்லை நெறையத் தோட்டம். நெம்பக் கைராசின்னு தெருவே சொல்லும். ஒரு வகுப்புக்குப் போனதில்லை, ஒரு புத்தகம் படிச்சதில்லை, பீர்க்கங்கா அவ ஊட்டுல முழம் முழமாத் தொங்கும். எனக்கு மாடியில பன்னெண்டு பை, எல்லாத்துலயும் மாவுப்பூச்சி. படிக்காமயே அவ இப்படி வெக்கறா, படிச்சு வெச்சா நான் எப்படி வெப்பேன்? அதான் சேர்ந்தேன். பொறாமைன்னு நெனைச்சுக்காதீங்க. ஒரு ஆர்வம்.

போன ஐப்பசியில பிரதீபாவுக்கு நிச்சயம் ஆச்சு. நல்ல எடம், மாப்பிள்ளை மஸ்கட்ல இருக்கறாரு, ஆவணிக் கடைசியிலதான் லீவு. நிச்சயத்துக்கு எங்களைக் கூப்பிடலை. மறுநாளே கமலவேணி கொல்லையில ரெண்டு பூவன் வாழைக்கன்னு நட்டா. பால்காரம்மாகிட்டச் சொல்லியிருக்கறா, 'என்ற புள்ளை கல்யாணத்துக்கு மண்டபத்து வாசல்ல கட்டற மரம் ரெண்டும் நான் நட்டதா இருக்கோணும். காசு குடுத்து வாங்கின வாழையைக் கட்ட மாட்டேன்'னு. எனக்குப் பால்காரம்மா சொல்லித்தான் தெரியும். பத்து மாசத்துல குலை தள்ளி, தொங்கத் தொங்க நிக்கோணும்னு கணக்குப் போட்டு வெச்சிருக்கறா.

கல்யாணத்துக்கும் நம்மளைக் கூப்பிட மாட்டாங்கன்னு தெரிஞ்சு போச்சு. எனக்கென்னங்க, கூப்பிட்டாப் போறேன், கூப்பிடாட்டி ஊட்டுல உக்காந்து டிவி பாக்கறேன். தையிலயே ஒரு பட்டுச் சேலை எடுத்து வெச்சேன், அது தள்ளுபடியில கெடைச்சுது, அதுக்காக. பிரதீபாவுக்கு ஒரு குத்துவெளக்கும் வாங்கி வெச்சேன். எப்பவாச்சும் யாருக்காச்சும் ஆகுமில்ல.

அந்த மாசியில எங்கூட்டுல சாஃப்ட்னர் போட்டோம், உப்புத் தண்ணியை நல்ல தண்ணியாக்கற மெசினு. எங்க பக்கம் போர்த் தண்ணி வாயில வெக்க முடியாதுங்க. சோப்பு நுரைக்காது, துணி வெளுக்காது, முடி கொத்துக் கொத்தாக் கொட்டும். அந்த மெசினுக்கு வாரம் ஒருக்கா அஞ்சு கிலோ கல்லுப்பைக் கரைச்சு விட்டுக் கழுவோணும். கழுவின தண்ணி வெளிய போகோணும். குழாய்க்காரன் சந்துல கொண்டாந்து விட்டுட்டான். சந்து மூலையில சுவத்துக்கு அடியில மழைத்தண்ணி போறதுக்கு ஒரு ஓட்டை. வாட்டம் அந்தப் பக்கம். தண்ணி வாட்டத்தைப் பாத்துத்தான போகும், அதுக்கு நான் என்ன பண்ண முடியும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை காலையில ஆறு மணிக்கு மெசினைக் கழுவுவேன். கமலவேணி அப்பத்தான் கோயிலுக்குப் போவா. எனக்கும் வேற நேரம் ஒழியறதில்லை.

பாடம் நல்லா இருந்துச்சுங்க. சொல்லிக் குடுக்கறது அருள்மொழி மேடம். இருவத்தாறு வயசுதான் இருக்கும், எங்க பையனை விடச் சின்னது, ஆனா கறார். மொத நாளே சொல்லிருச்சு. 'வெறும் கண்ணுல பாத்துட்டு மருந்து சொல்லாதீங்க. கேளுங்க, தொட்டுப் பாருங்க, மண்ணை முகர்ந்து பாருங்க.' நான் எந்திரிச்சு, எனக்குப் பாத்தாலே தெரிஞ்சிரும் மேடம்னேன். உக்காருங்கன்னுச்சு. படிவத்துல நாலு கட்டம் இருக்குது. செடி என்ன, என்ன ஆச்சு, காரணம் என்ன, செய்ய வேண்டியது என்ன. அடியில ஊட்டுக்காரங்க கையெழுத்து. காரணம்னு இருக்கற கட்டத்தைக் காலியா உட்டா அந்தப் படிவம் செல்லாது. எத்தனையோ பேரு மத்ததெல்லாம் எழுதிட்டு அங்க வந்து பேனாவைக் கடிச்சுட்டு உக்காந்திருப்பாங்க. எனக்கு அந்தத் தொல்லையே இல்லை. நான் அந்தக் கட்டத்தைத்தான் மொதல்ல எழுதுவேன்.

ஊடு ஊடாப் போறதுதாங்க சுவாரசியம். ஒரு ஊட்டுல ரோசாச் செடி வருசாவருசம் காயுது. விசாரிச்சா, அந்த அய்யா சோறு வடிச்ச கஞ்சித் தண்ணி சத்துன்னு கேள்விப்பட்டு, ஆவி பறக்கப் பறக்க அடியில ஊத்தறாரு. ஆற வெச்சு ஊத்துங்கய்யான்னா, ஆறினாச் சத்துப் போயிராதாங்கறாரு. இன்னொரு ஊட்டுல மிளகாச் செடி அழுகிப் போகுது. மருமகளும் தண்ணி ஊத்தறா, மாமியாளும் ஊத்தறா. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இவ ஊத்தினது அவளுக்குத் தெரியாது, அவ ஊத்தினது இவளுக்குத் தெரியாது. 'காரணம்: அதிகத் தண்ணீர்'னு எழுதிட்டு, ரெண்டு பேரையும் உக்கார வெச்சு நல்லா ஏசிட்டு வந்தேன். ஒரே கூரைக்குக் கீழ இருந்துக்கிட்டு வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேசினா என்னங்க கொறைஞ்சு போகும்? ஒரு செடி செத்துப் போச்சே. மனுசங்களுக்கு வீம்பு மட்டும் ஆகாது.

ஒம்பது ஊடு முடிச்சேன். வைகாசியில பத்தாவது வாட்ஸ்அப்புல வந்துச்சு. பேரு கமலவேணி. வாழை, இலை கருகுது. விலாசத்தைப் பாத்தா எங்க தெரு, எங்க ஊட்டுக்கு அடுத்த நம்பர். கிட்டக்க இருக்கறவங்களைத்தான் மையத்துல போடுவாங்களாம், அவங்களுக்கென்ன தெரியும்.

போகாம இருக்க முடியுமா. ஒண்ணு விட்டா சர்டிபிகேட்டு இல்லை. தலை சீவி, கார்டை மாட்டிக்கிட்டுக் கெளம்பினேன். போறதுக்கு முன்னாடி சந்துல அந்த ஓட்டை மேல ஒரு பழைய சாக்கைப் போட்டு, ரெண்டு செங்கல்லு வெச்சேன். கொசு வருதுல்ல, அதுக்காக.

கதவைத் தொறந்தா. மூஞ்சியில ஒரு அசைவு இல்லை. 'யாருங்க வேணும்?'னா.

'தோட்டத் துணைவருங்க. மையத்துல அனுப்பிச்சாங்க'ன்னு கார்டைத் தூக்கிக் காட்டினேன். அவளும் விடலை. கார்டைக் கையில புடிச்சுப் படிச்சா. போட்டோவைப் பாத்தா, என்ற மூஞ்சியைப் பாத்தா. அப்பறம் 'வாங்க'ன்னா.

விவரமெல்லாம் கேட்டு எழுதோணுமில்ல. உங்க பேருங்கன்னேன். கமலவேணிங்கன்னா. எத்தனை வருசமா இந்த ஊட்டுல இருக்கறீங்கன்னேன். 'இருவத்திமூணு வருசமுங்க. சந்தேகம்னா பக்கத்து ஊட்டுல விசாரிச்சுக்குங்க, அவங்க எல்லாத்தையும் சொல்லுவாங்க'ன்னா. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு எழுதினேன். உள்ள இருந்து யாரோ களுக்குனு சிரிச்ச மாதிரி இருந்துச்சு, பிரதீபாவாத்தான் இருக்கும்.

கொல்லைக்குப் போனோம். வாழை ரெண்டும் சுவத்து ஓரம். இலை ஓரமெல்லாம் கருகிச் சுருண்டு, உள்ளங்கை அகலத்துக்குத்தான் பச்சை நிக்குது. ஒண்ணு கொஞ்சம் தேவலை. சுவத்துக்கிட்ட இருக்கறது பாக்கவே முடியலை. குனிஞ்சு மண்ணைப் பாத்தேன். வெள்ளையாப் பூத்துக் கெடக்குது. கோலமாவு மாதிரி விரல்ல ஒட்டுது. கேளுங்க, தொட்டுப் பாருங்கன்னு மேடம் சொல்லியிருந்துச்சே, அதனால விரலை நாக்குல வெச்சேன். கரிச்சுதுங்க.

'என்னங்க?'னா கமலவேணி.

'ஒண்ணுமில்லைங்க, மண்ணு'ன்னேன்.

படிவத்தை எடுத்தேன். வாழ்க்கையில மொத தடவையா அந்தக் கட்டத்துல வந்து பேனா நின்னுச்சு. அவ எதுக்கால நிக்கறா. கல்யாணத்துக்கு மூணே மாசம். நான் வாயைத் தொறந்தா, அன்னைக்கு எம் பொண்ணு எடத்தைக் கெடுத்தே, இன்னைக்கு வாழையையும் கெடுத்துட்டயான்னு தெருவே கேக்கற மாதிரிக் கேப்பா. கேட்டா நான் அப்பறம் எந்த மூஞ்சியோட... சரி. 'சாம்பல்சத்துக் குறைவு'ன்னு எழுதினேன். அதுக்கும் வாழை இலை ஓரம் காயுமுங்க, எங்க புத்தகத்துல பக்கம் நாப்பத்தொண்ணுல படத்தோட இருக்குது. பொய்யின்னு ஒரேயடியாச் சொல்லிற முடியாது. 'செய்ய வேண்டியது: விறகுச் சாம்பல்'. அவ படிச்சுக்கூடப் பாக்காமக் கையெழுத்துப் போட்டா. மோர் வேணுமாங்கன்னா. வேண்டாமுங்கன்னு வந்துட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மெசினைக் கழுவலை. அடுத்த வெள்ளி, துணியெல்லாம் ஒரே அழுக்கு, கழுவித்தான் ஆகோணும். சாக்கு போட்டிருக்குதேன்னு கழுவினேன். சாக்கு தண்ணியைத் தடுக்குமாங்க. எனக்கும் தெரியுந்தான்.

மூணு வாரம் போயிருக்கும். மருந்துக்கடையில பிரதீபாவைப் பாத்தேன். அக்கம்பக்கம் பாத்துட்டு, 'பெரியம்மா'ன்னுச்சு. ரெண்டு வருசம் கழிச்சுங்க. கல்யாணக் களை வந்து, கழுத்தெல்லாம் பளபளன்னு இருக்குது. வாழை எப்படிடா கண்ணுன்னு கேட்டேன்.

'ஒண்ணு நடுக்குருத்தே காஞ்சு போச்சு பெரியம்மா. அம்மா தெனமும் மத்தியான வெயில்ல முக்குக்கடை வெறகடுப்புச் சாம்பலை ரெண்டு வாளி தூக்கிட்டு வந்து போடறாங்க. கை தோலெல்லாம் உரிஞ்சிருச்சு. அப்பா சொன்னாரு, இந்தம்மாவை நம்பாதே, வேற யாரையாச்சும் கூட்டிட்டு வந்து காட்டலாம்னு. அம்மா ஒத்துக்கலை.'

'எதுக்கு ஒத்துக்கலை?'ன்னேன்.

'வசந்தாக்கா வாய் எப்படியோ, பொய் சொல்லாது. அக்கா எழுதினா அது உள்ளதாத்தான் இருக்கும்னுட்டாங்க.'

மாத்திரை வாங்கப் போனவ, வாங்காமயே திரும்பிட்டேன். சந்துல போயி அந்தச் செங்கல்லு மேல உக்காந்து அழுதேன். சத்தம் போட்டு அழ முடியலை, சுவத்துக்கு அந்தப் பக்கம் அவ வாளி வெக்கற சத்தம் கேக்குது. என்னைப் பேசாம ஒதுக்கி வெச்சா, அதைத் தாங்கிக்கிட்டேன், திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன். என்னைய நம்பினா பாருங்க, அதைத் தாங்க முடியலை. சாம்பலும் ஒரு உப்புதானுங்க. உப்புல செத்துக்கிட்டு இருக்கற மரத்துக்கு மறுபடி உப்பு, அதுவும் அவ கையாலயே.

மறுநாள் காலையில புதுப் படிவம் ஒண்ணை எடுத்து எழுதினேன். காரணம்னு போட்ட கட்டத்துல, 'பக்கத்து வீட்டு சாஃப்ட்னரில் இருந்து வரும் உப்புத் தண்ணீர். பக்கத்து வீடு என்னுடையது. முதல் நாளே தெரியும்'. அந்தக் கட்டம் சின்னதுங்க, எடம் பத்தலை, ஓரத்துல மடிச்சு எழுதினேன். கார்டை மாட்டிக்கலை. போயிக் கையில குடுத்தேன்.

இந்தத் தடவை படிச்சா. நெம்ப நேரம் படிச்சா, மூணு வரியை. 'எங்க அது?'ன்னா. கூட்டிட்டு வந்து சந்துல சாக்கை எடுத்துக் காட்டினேன். ஓட்டையைச் சுத்தி உப்பு வெள்ளை வெளேர்னு பூத்திருக்குது. அதையே பாத்துட்டு நின்னா. நான் காத்துக்கிட்டு இருக்கறேன், இப்பக் கத்துவா, இப்ப மண்ணை வாரித் தூத்துவான்னு. அவ என்னடான்னா, உள்ளங்கையைப் பாத்துக்கிட்டா, தோல் உரிஞ்ச கையி. அப்பறம் பேனாவை வாங்கி, சுவத்து மேலயே படிவத்தை வெச்சுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போயிட்டா. ஏசியிருந்தாக்கூட எனக்குத் தேவலை.

அதைக் கொண்டுபோயி அருள்மொழி மேடத்துக்கிட்டக் குடுத்தேன். படிச்சுட்டு, 'பத்தாவது செல்லாது வசந்தாமணியம்மா. இன்னும் மூணு ஊடு போயிட்டு வாங்க'ன்னுச்சு. போயிட்டு வந்தேன். ஆடியிலதான் எனக்குச் சர்டிபிகேட்டு. எங்கூடப் படிச்சவங்களுக்கெல்லாம் ஆனியிலயே குடுத்துட்டாங்க, மேடையில வெச்சு, ஒரு பொன்னாடையோட. எனக்கு ஆபீஸ்ல கையில குடுத்தாங்க.

சாஃப்ட்னரை அன்னைக்கே நிறுத்திட்டேன். முடி கொட்டினாக் கொட்டிட்டுப் போகட்டும். எங்களுக்கு எட்டு நாளைக்கு ஒருக்கா ஆத்துத் தண்ணி வரும், குடிக்கறதுக்கு. அதுல ஒரு பங்கை ஓஸ் போட்டு, சுவத்து மேல தூக்கி, அந்த மரத்துக்கு விட்டேன். உப்பு அடியில எறங்கிப் போகோணும்னா நல்ல தண்ணி நெறைய விடோணும். மண்ணுல உப்பை முறிக்க ஜிப்சம் போடோணும்னு ஒரு சீட்டுல எழுதி, மூட்டையையும் வாங்கிச் சுவத்து மேல வெச்சேன். மறுநாள் பாத்தா மூட்டையைக் காணோம். மரத்தடியில போட்டிருந்தா. பேசறது இல்லை, ஆனா ஓஸ் கொஞ்சம் நகர்ந்திருந்தா அவளே இழுத்து நேரா வெப்பா. எங்க ஊட்டுக்காரர் மட்டும், குடிக்கத் தண்ணி இருக்குதா இல்லை வாழைக்கேதானான்னு தெனமும் கேப்பாரு.

சுவத்தோரம் இருந்தது போயிருச்சுங்க. வெட்டிப் போட்டுட்டாங்க. இன்னொண்ணு ஆடிப் பெருக்கு முடிஞ்சு குலை தள்ளுச்சு. நான் மாடியில நின்னு பாத்தேன், அந்தச் செவந்த மடலு எறங்கறதை. யாருகிட்டப் போயிச் சொல்றது, எங்க பையனுக்குப் போன் போட்டேன். வாழை குலை தள்ளினதுக்கா ஆபீஸ் நேரத்துல கூப்பிடறேங்கறான்.

போன வாரம் கமலவேணி வந்தா. தட்டு, வெத்தலை பாக்கு, பத்திரிகை. தனியா வந்தா. கவர் மேல பாருங்க, 'திருமதி வசந்தாமணி அவர்கள், தோட்டத் துணைவர்'னு எழுதியிருந்துச்சு. அவ கையெழுத்துதான். எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, தெருவுல வேற யாருக்குங்க பதவி போட்டுப் பத்திரிகை வெச்சாங்க? நல்ல மரியாதைதான். ஆனா இந்த இருவத்திமூணு வருசத்துல பொங்கலுக்கு ஒரு டப்பா முறுக்குக் குடுத்தாக்கூட அது மேல 'அக்கா வீடு'ன்னுதான் எழுதிக் குடுப்பா. கவரைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், அக்கான்னு எங்கயும் இல்லை. அதையும் சொல்லோணுமில்ல.

'ஒரு மரந்தானுங்க இருக்குது. வாசலுக்கு ரெண்டு வேணும்'னா.

'ஆமாங்க'ன்னேன்.

'இன்னொண்ணு நீங்களே பாத்து வாங்கிட்டு வந்துருங்க. செக்கிங்ல இருந்தவங்க. ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியக்கூடாது.'

அதுக்குத்தானுங்க இந்த பஸ். நாளன்னைக்கு முகூர்த்தம். கோபிக்கு அந்தப்பக்கம் ஒரு தோட்டத்துல கல்யாணத்துக்கு மரம் குலையோட குடுக்கறாங்களாம். சின்ன வேன் ஒண்ணும் சொல்லி வெச்சிருக்கறேன். இந்தப் பையில இன்ச் டேப் இருக்குது. அவ மரம் தூர்ல இருந்து குலைக்காம்பு வரைக்கும் ஏழே முக்கால் அடி. ஏழு சீப்பு, அடிச் சீப்புல பதினாலு காய். ராத்திரியும் காலையும் ரெண்டு தடவை அளந்து வெச்சிருக்கறேன். ஒரு விரக்கடை கூடக் கொறைய இருந்தாலும் அந்தத் தோட்டத்துக்காரன் இன்னைக்கு என்றகிட்ட மாட்டினான்.

அது இருக்கட்டும். அன்னைக்குப் பத்திரிகை வெச்சுட்டுப் படியெறங்கினவ, பாதியில நின்னு திரும்பினா. 'மண்டபத்துல கேப்பாங்க, மரம் ரெண்டும் உங்க தோட்டமான்னு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பக்கத்து ஊடுன்னு உங்களையும் விசாரிப்பாங்க. அப்ப என்னங்க சொல்லுவீங்க?'ன்னா.

எனக்குக் கூச்சமா இருந்துச்சு. அவ மூஞ்சியைப் பாக்காம, தட்டைப் பாத்துக்கிட்டே சொன்னேன். 'ரெண்டும் கமலவேணி நட்டது, கன்னுல இருந்து நான் பாத்திருக்கறேன்னு சொல்லுவேன். வேணும்னா ஒரு படிவத்துல எழுதி, காரணம்னு போட்ட கட்டத்துல கைராசின்னு போட்டு, கையெழுத்தும் போட்டுத் தர்றேன்.'

அவ ஒதட்டைக் கடிச்சுக்கிட்டு நின்னா. அப்பறம், 'உன்ற படிவத்தைக் கொண்டுபோயி அடுப்புல போடுக்கா'ன்னுட்டு, அடுத்த ஊட்டுக்குப் பத்திரிகை வெக்கப் போயிட்டா.

நான் தட்டோட அப்படியே நின்னேனுங்க. சரியாத்தான் காதுல விழுந்துச்சான்னு எனக்கே சந்தேகம். உள்ள போயி எங்க ஊட்டுக்காரரைக் கேட்டேன், அவ கடைசியா என்ன சொன்னா, உங்களுக்குக் கேட்டுச்சான்னு. படிவத்தை அடுப்புல போடச் சொன்னாங்கறாரு. அது தெரியுமுங்க, அதுக்கப்பறம் ஒரு எழுத்து சொன்னாளே, அதைக் கேட்டீங்களான்னேன். அவரு பேப்பரைக் கீழ வெச்சுட்டு, 'போடுக்கான்னு சொன்னா, வசந்தா. நானும் கேட்டேன்'னாரு.